பழைய படத்தில் இருப்பது மருத்துவமனைக் கப்பல்தானா என்று கண்டறியும் முறை

முதல் உலகப் போர்க்காலத்துப் பயணிக் கப்பல் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம் கையில் இருந்து, அது மருத்துவமனைக் கப்பலாக ஓடிய நாளில் எடுக்கப்பட்டதா என்று அறிய விரும்பினால், எடுத்தவுடன் செஞ்சிலுவையைத் தேடாதீர்கள். பக்கவாட்டில் ஓடும் பட்டையைப் பாருங்கள். அரசின் மருத்துவமனைக் கப்பல்கள் வெளிப்புறம் வெள்ளை பூசி, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்தில் பச்சைப் பட்டை இட வேண்டும் என்றும், தனியாரோ உதவிச் சங்கங்களோ அமர்த்தியவற்றுக்கு அப்பட்டை சிவப்பாக இருக்க வேண்டும் என்றும் கடற்போர் விதிகளை வகுத்த 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்தது. அக்கப்பல்களின் படகுகளுக்கும் அதே வண்ணம்தான். சிலுவையைக் கொடியில் மட்டுமே அது கேட்டது.

பச்சையா சிவப்பா என்பதைக் கறுப்பு வெள்ளையில் பிரித்தறிவதுதான் சிக்கல். அக்காலத்துப் படத்தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பொளியை உணராதவை என்பதால், செஞ்சிலுவை ஏறக்குறையக் கருமையாகவே விழும். அதன் அருகில் பட்டை வெளிறித் தெரிந்தால் பச்சை என்று ஊகிக்கலாம். ஆனால் அடர்பச்சையும் கருமையாக விழக்கூடும். இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கப்பலின் பெயர் தெரிந்தாலும் போதாது, படம் எடுத்த காலம் வேண்டும். பிரிட்டனின் பயணிக் கப்பல்களான மாரிட்டேனியாவும் அக்விட்டேனியாவும் 1915இல் படைவீரர்களை ஏற்றிச் சென்று, அதன் பிறகு மருத்துவமனைக் கப்பல்களாகி, போர் முடிவதற்குள் மீண்டும் படைவீரர்களை ஏற்றின. இன்னொரு பிரிட்டன் கப்பலான பிரிட்டானிக்கின் கதை வேறு. 1915 டிசம்பரில் மருத்துவமனைக் கப்பலாகவே பணியில் சேர்ந்து, 1916 நவம்பர் 21 அன்று கிரேக்கத்தின் கியா தீவருகே மூழ்கிய அக்கப்பல், கட்டணப் பயணி ஒருவரையும் ஏற்றியதில்லை. ஆகவே கறுத்த உடற்பக்கத்துடன் கடலில் விரையும் 'பிரிட்டானிக்' படம் கிடைத்தால், அது ஓவியமாகவோ அதே வடிவமைப்பில் கட்டப்பட்ட உடன்பிறப்புக் கப்பலான ஒலிம்பிக்கின் படமாகவோதான் இருக்கும். வெள்ளை உடலில் பச்சைப் பட்டையும் பக்கத்துக்கு மூன்று பெரிய சிலுவைகளும், மேல்தளத்தில் படகுகளை இறக்கும் ராட்சதத் தூக்கிகளும் தெரிந்தால் நம்பலாம். அத்தகைய தூக்கிகள் ஒலிம்பிக்கில் இல்லை.

பட்டையோ சிலுவையோ இல்லாத சாம்பல் நிறக் கப்பலையும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மருத்துவமனைக் கப்பல்களையும் தாக்கத் தொடங்கியதால், 1917 முதல் பிரிட்டன் சில கப்பல்களின் அடையாளங்களை நீக்கி, பீரங்கி பொருத்தி, போர்க்கப்பல் துணையுடன் காயமடைந்தோரை ஏற்றி அனுப்பியது. சட்டப்படி அவை மருத்துவமனைக் கப்பல்கள் அல்ல. தளத்தில் தூக்குப்படுக்கைகளும் பின்பகுதியில் பீரங்கியும் ஒருசேரத் தெரியும் படம் அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்.