எள்ளை அள்ளிப் பாருங்கள்: கடை விளம்பரத்துக்கு வாசகம் எழுதும் முறை

"தரமான, சுத்தமான, பாரம்பரிய முறையில் தயாரித்த எண்ணெய் வகைகள் நியாயமான விலையில் கிடைக்கும்."

இந்த வாசகத்தைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். 'எண்ணெய்' இருக்கும் இடத்தில் இனிப்பு, மசாலா, ஊறுகாய் என்று எதைப் போட்டாலும் பொருந்தும். அதனால்தான் யார் மனதிலும் நிற்பதில்லை. எதுகை, மோனை, முரண், சிலேடை என்று நம் மொழியில் இத்தனை கருவிகள் கிடக்கும்போது, இப்படி எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு மரச்செக்கு நல்லெண்ணெய்க் கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம்.

1. முதலில் விவரம், அப்புறம்தான் சொல்

காகிதத்தை எடுப்பதற்கு முன்னால் கடைக்குப் போய் அரைநாள் உட்காருங்கள். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடைக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

- செக்கு வாகை மரம், மெதுவாகத்தான் சுற்றும்.
- எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள்.
- ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் போகிறது.
- ஆட்டிய எண்ணெயை மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடை நீக்கிய பிறகே விற்கிறார்கள்.
- எள் மூட்டை வாசலிலேயே திறந்திருக்கிறது. வருகிறவர்கள் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறார்கள்.
- பிண்ணாக்கு வாங்க மாடு வளர்ப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள்.

பட்டியலில் 'சிறந்த', 'தரமான', 'அருமையான' போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் எழுதுவார். மூன்று நாள் வெயிலை மட்டும், அப்படிச் செய்யாதவர் எழுத முடியாது.

2. ஓசையைச் சேருங்கள்

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, கடைசி ஒன்றி வந்தால் இயைபு. பள்ளியில் படித்ததுதான். எதுகைக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: முதல் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறில் என்றால் மற்றதும் குறில். 'பட்டு', 'கட்டு' சரி. 'பட்டு', 'பாட்டு' எதுகை ஆகாது.

இப்போது அந்தத் திறந்த எள் மூட்டையை எடுத்துக்கொள்வோம். விவரத்தை வெறுமனே எழுதினால்:

"எங்கள் கடையில் எள்ளைப் பார்த்துவிட்டு எண்ணெய் வாங்கலாம்."

தப்பில்லை, ஆனால் காதில் ஒட்டவில்லை. 'எள்' என்ற சொல்லுக்கு எதுகை தேடுங்கள்: உள்ளே, வெள்ளி, பிள்ளை, அள்ளி. மற்றவற்றை விடுங்கள், 'அள்ளி' மூட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சொல். கடையில் நடப்பதும் அதுதான்.

"எள்ளை அள்ளிப் பாருங்கள்.
எண்ணெயை அப்புறம் வாங்குங்கள்."

'எள்ளை', 'அள்ளி' எதுகை. இரண்டு வரியும் 'எ'வில் தொடங்குகின்றன. இரண்டு வரியிலும் இரண்டாவது சொல் 'அ'வில் தொடங்குகிறது. முடிவில் 'பாருங்கள்', 'வாங்குங்கள்' இயைபு. இத்தனை இருந்தும் ஓசைக்காக ஒரு சொல்லைக்கூட வலிந்து திணிக்கவில்லை. எதுகைக்காகப் 'பிள்ளை'யைக் கொண்டுவந்து, "பிள்ளைக்கும் பிடிக்கும் எள்ளெண்ணெய்" என்று எழுதியிருந்தால் ஓசை கிடைத்திருக்கும், விவரம் போயிருக்கும். இந்த இடத்தில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

கமகம, மொறுமொறு போன்ற இரட்டைக்கிளவிகளும் ஓசைக் கருவிகள்தான். எல்லோரும் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டன. ஒரு விளம்பரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

3. முரணை வையுங்கள், தப்பாகப் புரியுமா என்று பாருங்கள்

எதிரெதிர்ச் சொற்கள் ஒரே வரியில் மோதினால் கவனம் நிற்கும். செக்கு மெதுவாகச் சுற்றுகிறது, அதற்கு எதிர் 'சீக்கிரம்'. முதலில் கைக்கு வருவது இதுதான்:

"செக்கு மெதுவாகச் சுற்றும். எண்ணெய் சீக்கிரம் தீரும்."

நன்றாக விற்பனையாகிறது என்று சொல்லத்தான் நினைத்தோம். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்குப் பார்ப்பவர் காதில் இது "இந்த எண்ணெய் அதிகம் செலவாகும்" என்று விழும். முரணை அப்படியே வைத்துக்கொண்டு திசையை மாற்றுங்கள்:

"மெதுவாகத்தான் ஆட்டுவோம். சீக்கிரமாக வந்துவிடுங்கள்."

4. சிலேடையில் இரண்டு பொருளும் உண்மையாக வேண்டும்

காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினார். பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடையும். செக்கில் ஆடிய எள்ளும் எண்ணெயாகிக் குடத்தை அடையும். பாம்புக்குப் பிளந்த நாக்கு, எள்ளுக்குச் சக்கை, இரண்டும் 'பிண்ணாக்கு'. எந்தப் பக்கம் திரும்பினாலும் பொருள் சரியாக நிற்கிறது. விளம்பரத்திலும் அளவுகோல் அதுதான்.

நம் பட்டியலில் 'தெளிதல்' இருக்கிறது. எண்ணெயும் தெளியும், மனமும் தெளியும்.

"தெளிந்த பிறகே விற்கிறோம்.
தெளிந்த பிறகே வாங்குங்கள்."

முதல் வரி எண்ணெய், இரண்டாவது வரி வாடிக்கையாளர். விளக்கம் சொல்லாமலே புரிகிறதா என்று வீட்டில் இருப்பவர்களிடம் படித்துக் காட்டுங்கள். விளக்க வேண்டியிருந்தால் அந்தச் சிலேடையை விட்டுவிடுங்கள்.

5. பழமொழியைத் திருப்புங்கள்

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது செக்குக் கடைப் பலகைகளில் ஏற்கெனவே நிறையத் தொங்குகிறது. அப்படியே எடுத்துப் போட்டால் அது உங்கள் கடையின் வரி ஆகாது. மக்களுக்குத் தெரிந்த வழக்கை எடுத்து, உங்கள் விவரத்தால் உடைக்க வேண்டும். சொன்னதும் ஓடிவந்து செய்பவரை "எள் என்றால் எண்ணெயாக நிற்பார்" என்கிறோம். நம் கடையில் அது நடக்காது.

"எள் என்றதும் எண்ணெயாக நிற்க மாட்டோம்.
மூன்று நாள் வெயில் வேண்டும்."

இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாமதத்தையே பெருமையாகச் சொல்கிறது. பாதிப் பழமொழியைக் கேட்டதும் மீதி மனதில் ஓடும். அது உடைகிற இடத்தில் மூன்று நாள் வெயில் பதிந்துவிடும்.

6. சட்டத்தையும் பாருங்கள்

உணவுப் பொருளை விற்கும்போது எதையும் எழுதிவிட முடியாது. ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவு விளம்பரத்தில் சொல்லக் கூடாது. 'இயற்கையான', 'தூய', 'பாரம்பரிய' போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு, உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் நிபந்தனைகள் உள்ளன. தவறான விளம்பரத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. "மூட்டு வலி போகும்" என்ற வரி எவ்வளவு அழகான எதுகையில் அமைந்தாலும் வேண்டாம். மூன்று நாள் வெயிலையும் கூட, உண்மையிலேயே வைத்தால் மட்டும் எழுதுங்கள்.

7. போகும் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதாக இருந்தால் எழுத்து நடை விறைப்பாகக் கேட்கும், "எள்ள அள்ளிப் பாருங்க! எண்ணெய அப்புறம் வாங்குங்க!" என்று பேச்சிலேயே கொடுங்கள். கடைப் பலகைக்கு இரண்டே வரி போதும். வண்டியில் போகிறவர் அதற்கு மேல் படிக்க மாட்டார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் பழமொழி வரியோடு, வெயிலில் வைத்த எண்ணெய்ப் பாத்திரத்தின் படம் ஒன்றையும் போடுங்கள். கீழே லிட்டர் விலை, கடை திறக்கும் நேரம், தொலைபேசி எண். அந்த மூன்றிலும் அலங்காரம் எதுவும் வேண்டாம்.