அலாய் வீலுக்கு மறுபூச்சு: உரிப்பதில் தொடங்கி நட்டு முறுக்குவது வரை நேரும் தவறுகள்

காரோடு வந்த அலாய் வீல்கள் நான்கைந்து ஆண்டுகளில் பொலிவிழப்பது இயல்பு. நடைபாதைக் கல்லில் உரசிய விளிம்பு, சரளைக்கல் தெறித்த புள்ளிகள், அவற்றைச் சுற்றி வெளுத்துப் பரவும் திட்டுகள் ஆகியவற்றைப் பார்த்ததும் பலரும் இதைப் பெயிண்ட் வேலையாகவே எண்ணி, எந்த நிறம் அடிப்பது என்ற கேள்வியோடு பட்டறைக்குப் போகிறார்கள். ஆனால் மறுபூச்சு நிலைப்பதும் உரிவதும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தொழிற்சாலை வீல்களில் பெரும்பாலானவை அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த ஏ356 என்ற கலவையில் வார்க்கப்பட்டு, டி6 எனப்படும் வெப்பப் பதப்படுத்தலால் வலுவேற்றப்பட்டவை. அதன்மேல் வேதிக் கரைசலில் ஒரு முன்பதப்படுத்தல், பிறகு ப்ரைமர், நிறம், அதற்குமேல் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட் என்று அடுக்குகள் வருகின்றன. இவற்றுள் அடியிலிருக்கும் அந்த முன்பதப்படுத்தலை அதே தரத்தில் திரும்பச் செய்து தரும் பட்டறைகள் மிகக் குறைவு. ஆகவே நல்ல நிலையில் ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதுமாக உரித்து வெறும் உலோகத்துக்குப் போவதுதான் முதல் தவறு. சேதம் விளிம்பில் மட்டும் இருந்தால், அந்த இடத்தை மட்டும் உலோகம் தெரியத் தேய்த்து, மற்றப் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் அடிப்பதே நீடித்து உழைக்கும்.

வீலின் முகம் எந்த வகை என்று பாராமல் வேலை தொடங்குவது அடுத்த தவறு. இப்போது உயர் ரகக் கார்களில் பரவலாக வரும் இரட்டை நிற வீல்களில், குழிகள் கறுப்பாகவும் மேல்முகம் பளபளப்பான வெள்ளி நிறமாகவும் இருக்கும். அந்த வெள்ளி நிறம் பெயிண்ட் அன்று. வீல் முழுவதற்கும் நிறம் அடித்த பின் கணினி லேத்தில் முகத்தை மட்டும் சீவி, வெளிப்பட்ட உலோகத்தின்மேல் கிளியர் பூசியிருக்கிறார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள் தெரியும். இந்த முகத்தை உப்புத்தாளால் கையில் தேய்த்தால் அந்தக் கோடுகள் அழிந்து, வெள்ளி பெயிண்ட் எத்தனை முறை அடித்தாலும் பழைய தோற்றம் வராது. ஒன்று, மறுபடியும் லேத்தில் சீவ வேண்டும்; அல்லது முழு வீலையும் ஒரே நிறமாக மாற்ற மனம் வைக்க வேண்டும். லேத்தில் சீவும் ஒவ்வொரு முறையும் ஒரு படலம் உலோகம் போய்விடுவதால், ஒரே வீலை இரண்டு மூன்று முறைக்கு மேல் சீவக் கொடுப்பது விவேகமன்று. இரண்டாவது வழியே சிக்கனமானது என்பது என் கருத்து; சீவிய முகம் அழகானது என்றாலும், அதில் கல் தெறித்த இடத்தில் அரிப்பு மற்ற வீல்களைவிட விரைவில் நுழைகிறது.

அந்த அரிப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. கிளியர் கோட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து, உலோகத்துக்கும் பூச்சுக்கும் நடுவே புழு ஊர்ந்த தடம்போல வெள்ளை இழைகளாக நீள்கின்றன. கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளில் இதை அதிகம் காணலாம். இழையின் மேல் நகத்தால் கீறினால் கிளியர் மெல்லிய தோலாக எழும்பி, கீழே வெண்பொடி உதிரும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளையை மட்டும் தேய்த்துவிட்டுப் புதுப் பூச்சு போடுபவர்கள், இழையின் நுனி நல்ல பூச்சுக்கு அடியில் இன்னும் சிறிது தூரம் ஓடியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை தேய்த்துக்கொண்டே போகாவிட்டால், புதுப் பெயிண்டுக்கு அடியிலும் அதே புழு தன் பயணத்தைத் தொடரும்.

முழுவதும் உரித்தே ஆக வேண்டிய நிலையில் சிலர் காஸ்டிக் சோடாக் கரைசலில் வீலை ஊறப் போடுகிறார்கள். இரும்பு கேட்டுகளுக்கு ஒத்துவரும் இந்த வழி அலுமினியத்துக்கு ஆகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த வீல் கிளீனர்கள் அதைவிடக் கொடியவை: நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கி, மணிக்கணக்கில் கழித்தே தன் வேலையைக் காட்டும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பின்னர் துருப்புள்ளிகளாகப் பூச்சைத் தூக்கும். அலுமினியத்துக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படும் பெயிண்ட் ரிமூவரும் நுண்மணல் வீச்சும் பொருத்தமான வழிகள்.

பழைய பூச்சை உலையில் எரித்து எடுப்பதாகச் சொல்லும் பட்டறையிலிருந்து வீலைத் திருப்பி எடுத்து வந்துவிட வேண்டும். டி6 பதப்படுத்தலின் கடைசிக் கட்டம் ஏறத்தாழ 155 முதல் 170 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. எரிக்கும் உலையோ 350 டிகிரிக்கும் மேல் போகும். அந்தச் சூட்டில் வீல் உருகாது, வளையாது, பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அதன் வலிமை குறைந்திருக்கும். பெயிண்ட் பொடியைப் படியவைத்து உலையில் உருக்கி இறுக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் 180 முதல் 200 டிகிரி வரை தேவை என்பதால், அதைப் பத்து இருபது நிமிடங்களுக்குள் முடிப்பதும், நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப உலைக்கு அனுப்பாமல் இருப்பதும் முக்கியம். டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார் வால்வோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் அதைக் கழற்றாமல் உலையில் ஏற்றினால் சென்சார் போய்விடும். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றும் எண்ணெய்ப் பசையும் சூட்டில் வெளிவந்து பவுடரில் குமிழ்களை உண்டாக்குவதால், பூசுமுன் ஒருமுறை காயச் சூடாக்குவது நல்ல பட்டறையின் வழக்கம்.

கோணலான ரிம்மை கேஸ் விளக்கால் சூடுகாட்டி அடித்து நிமிர்த்துவதும், சூடு வலிமையைக் குறைக்கும் என்ற இதே காரணத்தால் தவறு. பள்ளத்தில் விழுந்து எழுந்த வீலில் விரிசல் பெரும்பாலும் வண்டியின் உட்புறம் பார்க்கும் விளிம்பில் இருப்பதால், டயரைக் கழற்றாமல் அது தெரியாது. சாய ஊடுருவல் சோதனை செய்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக வெளிப்படும். விரிசல் உள்ள வீலுக்குப் பூச்சு போடுவது அதை மறைப்பதற்குச் சமம். அந்த வீலை மாற்றிவிட வேண்டும்.

தேய்க்கும் வேலையில் வரிசை தவறுவது மிகச் சாதாரணம். டயருக்குப் பளபளப்பு தரும் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அதைத் துடைக்காமல் உப்புத்தாள் வைத்தால், எண்ணெய் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அழுந்தி, பின்னர் அடிக்கும் பெயிண்டில் மீன்கண் போன்ற குழிகளாக விரியும். முதலில் கழுவி, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்து, அதன் பிறகு தேய்த்து, மீண்டும் ஒருமுறை துடைப்பதே முறை. 80ஆம் எண் தாளில் தொடங்கினால் 180, 320, 400 என்று படிப்படியாக ஏற வேண்டும்; இடையில் தாவினால் கீறல்கள் கிளியருக்குப் பிறகு வெயிலில் தெரியும். உரசிய பள்ளத்தை நிரப்பச் சாதாரண பாடி பட்டி போடுபவர்கள், பின்னர் பவுடர் கோட்டிங் செய்யும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். உலைச் சூட்டைப் பட்டி தாங்காது.

தேய்த்த அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்வதால், உலோகம் தெரியும் இடங்களுக்கு எபாக்சி ப்ரைமரை அன்றே அடித்துவிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது. மழை நாளில் அடித்த பூச்சு மங்கலாகப் பனி படர்ந்ததுபோல் காயும். சாதாரண ஸ்பிரே டப்பா கிளியரைப் பெட்ரோலும் பிரேக் ஆயிலும் இளக்கிவிடும். பூச்சை இறுக்கும் ஹார்டனர் கலந்த, டூ-கே எனப்படும் இருபொருள் கிளியர் அவற்றை நன்றாகவே எதிர்க்கும். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதற்கு ஒரு தடையே அன்று. தகுந்த சுவாசக் கவசம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத் தொழில்முறைப் பட்டறையிடம் விட்டுவிடுவதே சரி.

எங்கே அடிக்கக்கூடாது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. வண்டியில் வீல் பொருத்தப்படும் மையப் பகுதியான ஹப்பில் வீலின் பின்புறம் ஒட்டி உட்காரும் தட்டையான முகமும், நட்டு அமரும் கூம்பு வடிவக் குழிகளும் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். அந்தக் குழியில் பெயிண்ட் இருந்தால், நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத் தெரிந்தாலும், ஓட்டத்தில் பெயிண்ட் நசுங்கி உதிர்ந்து, அந்தப் படலத்தின் கனமளவுக்கு நட்டு தளர்ந்துவிடும். டயரின் விளிம்பு அமரும் வளையத்தில் தடித்த பூச்சோ பழைய வெண்பொடியோ இருந்தால், காற்று மெல்ல மெல்லக் குறையும். பஞ்சர் கடையில் எத்தனை முறை டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாலும் டயரில் ஓட்டை அகப்படாது.

பூச்சு நன்கு இறுகும்வரை டயர் ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். நெம்புகோல் போட்டு டயர் மாட்டும் கடைக்குக் கொடுக்காமல், பிளாஸ்டிக் காப்பு உள்ள இயந்திரம் வைத்திருக்கும் கடையைத் தேடுவது நல்லது. வீல் பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் கொக்கிபோல் அடித்துப் பொருத்தும் ஈயத் துண்டுகளுக்குப் பதிலாக உட்புறம் ஒட்டும் எடைகளைக் கேட்டு வாங்க வேண்டும். அடித்துப் பொருத்தும் எடை புதுப் பூச்சின் முதல் கீறலை அங்கேயே போட்டுவிடும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி முடிக்காமல், எதிரெதிர் வரிசையில், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.