எழுத உட்காரும் முன், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று பாருங்கள்

பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் முதல் கதை பெரும்பாலும் 1964 புயல்தான். தனுஷ்கோடி, பேரலை, கடலோடு போன ரயில். தப்பில்லை. ஆனால், “புயல் கதை படிக்க உனக்குப் பிடிக்குமா?” என்று கேட்டால் முழிக்கிறார்கள். படிக்கவே பிடிக்காததை எழுத உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எது பிடிக்கும் என்று பார்க்கத் தோதான சமயம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், படிக்க நேரம் கிடைக்கும். நூலகத்தில் நாலைந்து கதைப் புத்தகம் எடுங்கள். அதில் கோடு போடாமல், ஒரு நோட்டில் பக்க எண்ணைக் குறியுங்கள்: திரும்பப் படித்த இடம், தாண்டிப்போன இடம், மூடிவைத்த இடம்.

பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். “போரடித்தது” என்பது காரணமாகாது. என் நோட்டிலிருந்து சொல்கிறேன். வலை பின்னும் கையை விரல் விரலாகக் காட்டும் பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். எந்தக் கடல், எந்தக் காற்று என்று பாராமல் “கடல் சீறியது” என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடுவேன். மீனவர் வீடென்றால் அழுகை மட்டும்தான் என்று காட்டும் கதையும் எனக்கு ஆகாது. கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு எங்கே?

ஊரே புகழ்கிறது என்பதற்காக ஒரு கதையைப் பிடித்ததாகக் குறிக்காதீர்கள். நோட்டை நீங்கள் யாருக்கும் காட்டப்போவதில்லை.

பிறகு பிடிக்காததைப் பிரித்துப் பாருங்கள்: விஷயம் பிடிக்கவில்லையா, சொன்ன விதமா? புயல் கதையே வேண்டாம் என்றாள் ஒரு தங்கச்சி. அவள் குறிப்பைச் சேர்ந்து பார்த்தோம். அலையை வர்ணிக்கும் பக்கங்களையெல்லாம் தாண்டியிருந்தாள். உறவுகளைத் தேடி அலையும் பக்கங்களை மட்டும் இரண்டு தரம் படித்திருந்தாள். அலையே வராமல் எழுதச் சொன்னேன். பாம்பன் பாலம் உடைந்து கிடக்கிறது, இக்கரையில் மண்டபம் ஊரில் ஒரு தாய் மகனைப் பற்றிய சேதிக்காக நிற்கிறாள். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள்.

நீங்களும் தாளின் தலையில் இரண்டு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்: இந்தக் கதையில் எது கட்டாயம் வரும், எது வரவே வராது.