பெடல் இறங்கினால் உடனே ஏர் எடுக்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் காரில் ஒரு வினோதம். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்பேன். அடியில் இருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் ஒழுங்காக நிற்கும். பட்டறையில் சொன்னேன். காரைப் பார்க்காமலே "ஏர் இருக்கும்" என்றார்கள், அதாவது பிரேக் குழாய்க்குள் காற்று. அதை ஆயிலோடு வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். எடுத்தார்கள். இரண்டு நாளில் பழைய கதை. மறுபடியும் ஏர் எடுத்தார்கள். இரண்டு முறை கூலி, இரண்டு டப்பா ஆயில். கோளாறோ, பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்தது.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. "பெடல் இறங்குகிறது" என்று நான் சொன்னதே அரைகுறை. அது எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் உயர்ந்து கெட்டியானால், குழாயில் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அழுத்திப் பிடித்திருக்கும்போது தானாக இறங்கி, வெளியில் எங்கும் ஆயில் கசியாமலும் மட்டம் குறையாமலும் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. பெடல் பாதி தூரம் சும்மா போய், அதன் பிறகு கல்லாக நின்றால், பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். இந்த மூன்றாவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று மேலே நின்றால், ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் வீண்.

எஞ்சினை அணைத்து நாலைந்து முறை மிதித்தபின், காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. அதைக் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே காற்றுதான் என்றால் ஏர் எடுக்கத்தான் வேண்டும். தவறுகள் குவிவது இந்த இடத்தில்தான். என் மகனை டிரைவர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, நான் சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்தேன். காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருந்தது. "மிதி, பிடி" என்பேன், நிப்பிளைத் திறப்பேன், குமிழிகள் வரும், மூடியபின் "விடு" என்பேன். நான்காவது முறை நான் மூடுவதற்குள் அவன் காலை எடுத்துவிட்டான். வெளியே போன காற்றில் பாதி நிப்பிளின் மரைவழியாகவே உள்ளே திரும்பியிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். அந்த மும்முரத்தில் மேலே மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் பார்ப்பதும் முக்கியம். ஒருமுறை வறண்டுவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று நுழைந்துவிடும்.

பழைய காரில் இன்னோர் ஆபத்து, ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிப்பது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தினமும் ஓடும் தூரத்துக்கு அப்பால் சிலிண்டர் சுவரில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். அதன்மேல் போய் வரும் சீல் கிழியக்கூடும். நல்ல மாஸ்டர் சிலிண்டரை ஏர் எடுத்தே கெடுப்பது இப்படித்தான். ஏர் எடுத்து முடிக்கும்வரை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு எடுத்தும் பஞ்சு போகவில்லையா? சக்கரத்தின் டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் குனிந்து பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இடது வலது மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அனுபவசாலிகளே செய்கிற பிழை இது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று சிக்கியிருந்தால், பல மாடல்களில் காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை இணைத்து அந்த வால்வுகளை இயக்கினால்தான் அது வெளியேறும். அதை வீட்டு வாசலில் செய்ய முடியாது.

இனி ஆயில். மட்டம் குறைந்தது என்று யோசிக்காமல் ஊற்றி நிரப்புவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரே வாரத்தில் இறங்கினால் கசிவு. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமா, டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்கு அடியில் ஈரமா என்று பார்க்க வேண்டும். எங்குமே ஈரம் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே பெயின்ட் உப்பிக் கழன்று வந்தால், ஆயில் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது இந்த ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140தான். டாட் 4-க்கு 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை நம்பாமல் பிரேக்கிலேயே இறங்கினால், காலிப்பரில் உள்ள பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் சரேலென்று உள்ளே போகும். அடிவாரத்தில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆறிப் பழையபடி ஆகிவிடும். "இப்போது சரியாகத்தானே இருக்கிறது" என்று அப்படியே ஊர் திரும்புவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும். எப்போதோ திறந்து வைத்த பாதி டப்பாவை அதற்கு எடுக்காதீர்கள். எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ தவறிக் கலந்துவிட்டால் ரப்பர்கள் ஊதிவிடும். அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினால் போதாது, சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று, இது பழுது பார்த்து முடித்த பிறகு நடப்பது. புது பேட் போடுவதற்குக் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். நாலைந்து முறை மிதித்துக் கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வேலையை அருமையாக முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்தார். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் அந்த இடம் மட்டும் இன்றும் வேறு நிறச் சிமென்ட்டாக இருக்கிறது.