பிளக்கில் நெருப்பு இல்லையென்றதும் சி.டி.ஐ. வாங்க ஓடாதீர்கள்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை விடாமல் பெய்யும் நாட்களில், எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பாத கப்சாய்களை, அதாவது சிறிய மோட்டார் சைக்கிள்களை, தள்ளிக்கொண்டு பலர் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பட்டறைக்கு வருவார்கள். அண்மைக் காலமாக அவர்களோடு ஒரு பிளாஸ்டிக் பையும் வருகிறது. அதற்குள் தாங்களே வாங்கிப் பொருத்திப் பார்த்த புதிய பாகங்கள் இருக்கும். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் தொழில் பழகிய நாட்களில் நான் செய்த அதே மடத்தனம் நினைவுக்கு வருகிறது. பிளக்கில் நெருப்பு, அதாவது மின்பொறி, வராதபோது பலரும் செய்யும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெட்ரோல் இருக்கிறதா, சாவி திறந்திருக்கிறதா என்பனவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சி.டி.ஐ.யை முதலில் மாற்றுவது

சி.டி.ஐ. என்பது மின்னாற்றலை ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைத்து, உரிய கணத்தில், பிளக்குக்கு வேண்டிய அளவுக்கு வோல்ட்டை உயர்த்தும் காயிலுக்குள் பாய்ச்சும் சிறு பெட்டி. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்வதற்கும் ஒன்றுமில்லை. அது பழுதாவதுண்டு என்றாலும், சந்தேகப்பட வேண்டிய வரிசையில் அதற்குக் கடைசி இடம்தான்.

ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்தபோது மீன் வியாபாரி ஒருவர் தம் ஹோண்டா ஈ.எக்ஸ்.5ஐத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளக்கில் நெருப்பு இல்லை. நான் யோசிக்காமல் புதிய சி.டி.ஐ.யைப் பொருத்தினேன், பயனில்லை. காயிலையும் மாற்றினேன், அப்போதும் பயனில்லை. திரும்பி வந்த முதலாளி ஒன்றும் பேசாமல் பிளக்கின் மேல் மாட்டும் கேப்பை, காயிலிலிருந்து வரும் வயரிலிருந்து திருகிக் கழற்றினார். வயரின் நுனியில் இருந்த செம்பு பச்சை பூத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு, பளபளத்த புதிய நுனியில் கேப்பைத் திருகி ஓர் உதை கொடுத்தார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பொருத்திப் பார்த்த மின்பாகங்களைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார் என்பதால், இரண்டுக்குமான பணம் என் சம்பளத்திலிருந்து போனது. இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

ஆகவே பிளக்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த பிளக்கை முதலில் மாட்டிப் பாருங்கள். பிறகு கேப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்; மின்தடை உள்ள கேப்புகள் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும், எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது என்று பொருள். பல பழைய கப்சாய்களில் சாவியை அணைத்ததும் சி.டி.ஐ.யின் ஒரு வயர் எஞ்சின் உடலோடு இணைந்து நெருப்பை நிறுத்திவிடும். அந்த வயரின் மேலுறை உரசித் தேய்ந்து சட்டகத்தைத் தொட்டால், சாவி திறந்திருந்தாலும் வண்டி அணைந்தே கிடக்கும். அதையும் சாக்கெட்டுகளில் தேங்கிய மழைநீரையும் பார்த்த பிறகுதான் காயில், நெருப்பு வரவேண்டிய கணத்தைச் சி.டி.ஐ.க்குத் தெரிவிக்கும் பல்சர் ஆகியவற்றின் முறை வரும். சி.டி.ஐ.மீதுதான் சந்தேகம் என்றால், அதே ரகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பெட்டியை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எஞ்சினைத் தொடாத பிளக்கில் நெருப்பைத் தேடுவது

பிளக்கை வெளியே எடுத்துக் கேப்பில் மாட்டி, உதைத்து நெருப்பு வருகிறதா என்று பார்க்கும்போது, அதன் உலோக உடல் எஞ்சினில் பதிந்திருக்க வேண்டும். இல்லையேல் திரும்ப வழியில்லாத மின்சாரம் காயிலின் உறையையே துளைத்து வெளியேறப் பார்க்கும். பெட்ரோல் ஆவி வரும் பிளக் துளைக்கு அருகில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

வெளியே தெறிக்கும் பொறியை முழுமையாக நம்புவது

திறந்த காற்றில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட மிக அதிக வோல்ட் தேவை. வெளியே மஞ்சளாக, மெலிதாகத் தெறித்த பொறி உள்ளே அறவே இல்லாமல் போகலாம். இதை அறியாமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, திருகாணிகளை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

எண்ணைப் பார்க்காமல் பிளக் வாங்குவது

என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் கூட வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் தன்மையும் கூடும். சி6எச்எஸ்ஏ போட வேண்டிய இடத்தில் சி7எச்எஸ்ஏ போட்டு, சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டுமே மெதுவாக ஓட்டினால், கரியை எரித்துத் தள்ளும் அளவுக்கு முனை சூடேறாமல் போகக்கூடும். வேறு சில நிறுவனங்களின் எண் வரிசை இதற்கு நேர்மாறானது.

மணல்தாளால் முனையைத் தேய்ப்பது

வேண்டாம். புதிய பிளக் ஒரு காலைப் பசியாறலின் விலைதான்.

ஸ்பேனரால் திருகத் தொடங்குவது

முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். எஞ்சினின் அலுமினியத் தலையில் உள்ள மரை கோணலாக ஏறிய பிளக்கை ஒருமுறைகூடப் பொறுக்காது.

சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவது

ஆறட்டும்.