சில எழுத்துகள் மட்டும் தெரிந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள், மறைந்திருக்கும் சொல்லை ஊகிக்கும் வேர்டில் போன்ற விளையாட்டுகளில் சொல் தேடும்போது, எந்தெந்த எழுத்துகள் இருக்கின்றன என்பதோடு நின்றுவிடாமல், அவை சொல்லின் எந்த இடத்தில் வரக்கூடும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால் தேடல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஸ்கிராபிளில் ஏழு காய்கள் கைக்கு வந்ததும், ஆங்கிலச் சொற்களின் முன்னும் பின்னும் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் துண்டுகளை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவற்றை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மீதமுள்ள நான்கு காய்களில் ஒரு வினைச்சொல் அமைகிறதா என்று பார்க்கலாம். ஆர், இ இரண்டும் இருந்தால் இடது ஓரத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படியும் ஒன்றும் தோன்றாவிட்டால் காய்களைக் கலைத்து அடுக்குவது நல்லது, ஏனெனில் ஒரே வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும். ‘ரீடெய்ன்ஸ்’ என்ற சொல்லின் ஏழு எழுத்துகளைக் கலைத்தால் ‘நாஸ்டியர்’ வரும், ‘ஸ்டெய்னர்’ வரும், இன்னும் சிலவும் வரும். ஏழு காய்களையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பதால் இந்தப் பயிற்சி வீண்போகாது.

க்யூ என்ற எழுத்தைக் கண்டு பலரும் மிரள்வதற்குக் காரணம், அதை யூ இல்லாமல் வைக்கவே முடியாது என்ற நினைப்புதான். க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் ஒரு சொல் உண்டு. கே-க்குப் பதிலாக க்யூ போட்டு எழுதும் ஃபகீர், நிகாப் போன்றவையும் செல்லும். க்யூவின் மதிப்பு 10. எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் அதை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் அந்த ஈரெழுத்துச் சொல் அமைந்தால், ஒரு சொல்லுக்கு 31 வீதம் 62 புள்ளிகள் வந்துவிடும். நீளமான சொல்லைத் தேடி அலைபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வேர்டிலில் சிக்கல் வேறு விதமானது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிக்க வேண்டிய அந்த விளையாட்டில், கடைசி நான்கு எழுத்துகள் ஐ, ஜி, எச், டி (வெளிச்சத்தைக் குறிக்கும் ‘லைட்’ என்ற சொல்லில் உள்ளவையே) என்று, சரியான இடத்தில் வந்த எழுத்தைக் குறிக்கும் பச்சை நிறம் காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லைட், மைட், நைட், ரைட், சைட், ஃபைட், டைட், எயிட் என்று எட்டுச் சொற்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் முயற்சிகள் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக ‘ஃபிலிம்ஸ்’ என்று போட வேண்டும். விடை அதுவாக இருக்காது என்பது தெரிந்ததே. ஆனால் எஃப், எல், எம், எஸ் என்ற நான்கு முதலெழுத்துகளையும் அது ஒரே முயற்சியில் சோதித்துவிடுகிறது. எதற்கு நிறம் வருகிறதோ அதுவே முதலெழுத்து, எதற்கும் வராவிட்டால் எட்டு நான்காகக் குறைந்துவிடும். தெரிந்த எழுத்தை விடாமல் பயன்படுத்தியாக வேண்டிய கடினமுறையில் மட்டும் இந்த உத்திக்கு இடமில்லை.

இணையக் கருவிகளின் துணை வேண்டுமானால், தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்துகள் என்றே தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி என்ற முறையைக் கற்றுக்கொண்டால் போதும். ‘ஒன்லுக்’ தளம் இப்படித்தான் இயங்குகிறது. முதலில் க்யூவும் கடைசியில் டி-யும் மட்டும் தெரிந்தால், நடுவில் ஒரு நட்சத்திரக்குறியை இட்டுத் தேடலாம். எதிராளி முன்னால் இருக்கும்போது கைபேசியைத் திறப்பது கள்ள ஆட்டம் என்பதால், ஆட்டம் முடிந்தபின் தவறவிட்ட சொற்களைப் பார்த்துக்கொள்வதற்கே இவை ஏற்றவை.

கருவி காட்டும் எல்லாச் சொற்களும் பலகையில் செல்லுபடியாகாது. வட அமெரிக்கா தனிச் சொற்பட்டியலை வைத்திருக்கிறது. பிற நாடுகளின் ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியலே செல்லும். அதனால் எந்தப் பட்டியலின்படி ஆடுவது என்பதைக் காய்களைக் கையில் எடுக்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.