கடினமான வேத வசனத்துக்குப் பதில் எழுதுவது எப்படி? ஒரு கேள்விச் சீட்டை வைத்துப் பார்ப்போம்

எங்கள் சபையின் மாத இதழில் கடைசிப் பக்கம் கேள்வி பதில். ஆலய வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். கேள்வி உள்ளவர்கள் சீட்டில் எழுதி அதில் போட்டுவிடுவார்கள். பதினோரு வருடமாக அந்த டப்பாவைத் திறப்பது என் வேலை. நான் இறையியல் படித்தவன் இல்லை. மதுரையில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஞாயிறு பள்ளி எடுக்கும் தம்பி தங்கைகள் இப்போது "அண்ணே, எப்படி எழுதுறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பாருங்கள்

போன வருடம் வந்த ஒரு சீட்டில் ஒரே வரி: "லூக்கா 14:26. அம்மாவை வெறுக்கணுமா?" தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் தமக்குச் சீஷனாக இருக்க முடியாது என்று இயேசு சொல்கிற வசனம் அது.

எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன். ஆராதனை முடிந்ததும் எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். வீட்டில் சபைக்கு வருவது இவன் ஒருவன்தான். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எல்லோரும் கிளம்ப, இவன் வரமாட்டேன் என்றிருக்கிறான். அம்மா மூன்று நாள் பேசவில்லை. ஜெபக்கூட்டத்தில் யாரோ இந்த வசனத்தைக் காட்டி, "இனி வீட்டுப் பக்கம் போகாதே" என்று சொல்லிவிட்டார்கள்.

"அய்யா, மாசம் நாலாயிரம் அம்மாவுக்கு அனுப்புறேன். அதையும் நிறுத்தணுமா?"

உண்மையான கேள்வி அந்த நாலாயிரம்தான். சீட்டை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் 'வெறுப்பு' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் விளக்கம் கொடுத்திருப்பேன், பையன் பணத்தை நிறுத்தியிருப்பான். சீட்டில் பெயர் இல்லை, ஆளும் தெரியவில்லை என்றால், இதைக் கேட்பவருக்கு என்ன பயம் இருக்கும் என்று இரண்டு மூன்று விதமாக யோசித்துக்கொள்ளுங்கள்.

2. வசனத்தைக் கையால் எழுதுங்கள், மேலும் கீழும் பத்து வசனம் சேர்த்து

போனில் பார்த்தால் கண் ஓடிவிடும். கையால் எழுதும்போதுதான் "அநேக ஜனங்கள்" தம்மோடு நடந்து வருவதைப் பார்த்து இயேசு திரும்பி இதைச் சொல்கிறார் என்பது தெரியும். கூட்டத்தோடு கூட்டமாக வருகிறவர்களிடம் பேசுகிறார். அடுத்து வருவது கோபுரம் கட்டுகிறவன் கதை. முதலில் உட்கார்ந்து "செல்லுஞ்செலவைக் கணக்குப்" பார்க்க வேண்டும். அஸ்திபாரம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் போனால் பார்க்கிறவர்கள் பரியாசம் பண்ணுவார்கள். மதுரைக்காரனுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். புது மண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமலே நின்றுபோன ராயகோபுரம் இருக்கிறதே, போய்ப் பார்த்தால் போதும். ஆக, பேச்சு குடும்பச் சண்டையைப் பற்றியது அல்ல. பின்னால் வருவதற்கு என்ன விலை ஆகும் என்பதைப் பற்றியது.

3. இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள்

நம் சபைகளில் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதில் "வெறுக்காவிட்டால்" என்று இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்ற திருச்சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த, 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் "என்னைவிட மேலாகக் கருதினால்" என்று வரும். இரண்டும் இப்படி விலகி நிற்கிற இடத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். வேலை அங்கேதான்.

திருவிவிலியத்தில் ஆதியாகமம் தொடக்கநூல் ஆகிவிடும், சங்கீதம் திருப்பாடல்கள் ஆகிவிடும். பதிலில் இரண்டு பெயரையும் போடுங்கள். மதுரையில் அம்மா வழி ஆர்.சி., அப்பா வழி சி.எஸ்.ஐ. என்று எத்தனை வீடுகள் இருக்கின்றன!

4. அதே சொல் வேறு எங்கே வருகிறது?

இதற்கு, ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி வேண்டும். இந்த வசனத்துக்கு எனக்குக் கை கொடுத்தது ஆதியாகமம் 29. யாக்கோபு தன் மனைவிகளில் லேயாளைவிட ராகேலை "அதிகமாய் நேசித்து" என்று 30ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்தில், லேயாள் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று கர்த்தர் கண்டார் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எபிரெயத்தில் அங்கே உள்ள சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வெறுக்கப்பட்டவள்'. ஒருத்தியை அதிகமாக நேசித்தான் என்பதையே, மற்றவளை வெறுத்தான் என்று சொல்வது அந்த மொழியின் வழக்கு. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைத் தணித்துவிட்டார்கள், லூக்காவில் அப்படியே விட்டுவிட்டார்கள். மத்தேயு 10:37இல் இயேசு சொல்வதும் இதுதான்: தகப்பனையாவது தாயையாவது "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்".

எபிரெயம், கிரேக்கம் தெரியாமல் இதில் கை வைக்கலாமா என்றால், கேட்டுவிட்டு வைக்கலாம். நான் அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

5. காதில் விழுந்த விளக்கத்தை எழுதாதீர்கள்

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஐசுவரியவான் தேவராஜ்யத்துக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதைப் பற்றி ஒரு கேள்வி. எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு குட்டி வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் ஒட்டகம் உள்ளே போய்விடும் என்று எழுதிவிட்டேன். சின்ன வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டது. கோட்டை போய், அதன் வாசல்களில் விட்டவாசல் மட்டும் நிற்கிற ஊரில் பிறந்தவனுக்கு, வாசல் கதை என்றால் சந்தேகமே வராது போல.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். "அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு எங்கேப்பா ஆதாரம்?" தேடினேன். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. கதை பல நூற்றாண்டு கழித்து வந்தது. அதைவிட மோசம், "மனுஷரால் இது கூடாததுதான்" என்று இயேசுவே அடுத்துச் சொல்கிறார். நான் அதைக் கூடும் என்று ஆக்கி வைத்திருந்தேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்.

6. இப்போது எழுதுங்கள்

முதல் வரியிலேயே பதில் இருக்கட்டும். கேட்டவர் மூன்று பத்தி காத்திருக்க முடியாது. நான் எழுதியதில் பாதி இது:

"தம்பி, அம்மாவை வெறுக்கச் சொல்லவில்லை, பணத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையில் தள்ளிவிட்டவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9–13). ஆனால் அம்மா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் இழுக்கிற நாள் வரும். அன்றைக்கு யார் முதலில் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை நான் லேசாக்க முடியாது."

அம்மா படைத்த பொங்கலைச் சாப்பிடலாமா என்றும் அவன் கேட்டான். அது 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள்; அதற்குத் தனிப் பதில். ஒரு சீட்டுக்கு ஒரு கேள்விதான்.

7. கடினம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்

எலிசா தீர்க்கதரிசியைப் பார்த்து "மொட்டைத்தலையா ஏறிப்போ" என்று கேலி செய்த பிள்ளைகளில் நாற்பத்திரண்டு பேரைக் கரடிகள் பீறிய கதை (2 இராஜாக்கள் 2). ஞாயிறு பள்ளியில், பழனியில் மொட்டை போட்டு வந்த வகுப்புத் தோழனைக் கேலி செய்த பையன் ஒருவன் நடுங்கிப்போய்க் கேட்டான். சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. அது பெத்தேல், யெரொபெயாம் ராஜா ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி வைத்த ஊர். 'சிறுபிள்ளைகள்' என்று அங்கே வருகிற எபிரெயச் சொற்களையே ராஜாவான பிறகும் சாலொமோன் தன்னைப் பற்றிச் சொல்கிறான் (1 இராஜாக்கள் 3:7); ஆகவே வயதை அறுதியிட முடியாது. அதற்காக எல்லோரும் முரட்டு வாலிபர்கள் என்று எழுதிவிட்டுத் தப்பிக்காதீர்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் கதை உறுத்துகிறது. "எனக்கும் உறுத்துகிறது" என்று அந்தப் பையனிடம் சொன்னேன், அப்படியே இதழிலும் எழுதினேன்.

8. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் படிக்கட்டும்

ஆயர் பார்ப்பார், அது முறை. அதற்கு முன்னால் நான் கொடுப்பது அந்த டீச்சரிடம். லூக்கா பதிலில் "மூலமொழியில் பார்த்தால்" என்று தொடங்கிய பத்தியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்.

"இதை அவன் ஊருக்கு எடுத்துட்டுப் போயி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவான். அந்தம்மாவுக்கு மூலமொழியா தெரியும்?"

பத்தியை எடுத்துவிட்டு, லேயாள் கதையை மட்டும் நாலு வரியில் வைத்தேன்.